தலைமடை நாட்டின் கையில் மதகு இருக்கும்போது நதிநீர் ஒப்பந்தம் எதற்கு?

கேள்வி: 2025 அக்டோபர் 4, காலை

எத்தியோப்பியா போன மாதம் நீல நைலில் தன் பெரிய அணையைத் திறந்துவிட்டது. எகிப்து ஐ.நா. பாதுகாப்பு அவைக்குக் கடிதம் எழுதியதோடு சரி. சிந்து நதி ஒப்பந்தத்தை இந்தியா ஏப்ரலிலேயே நிறுத்திவைத்துவிட்டது. இதையெல்லாம் பார்த்தால், உலக நாடுகள் சேர்ந்து தண்ணீரை நிர்வகிப்பது மாநாட்டு மேடைக்கான பேச்சு என்றுதான் படுகிறது. தலைமடையில் இருப்பவன் அடைத்தால் கடைமடையில் இருப்பவன் காய வேண்டியதுதான். ஒப்பந்தமெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். இல்லை என்பவர்கள், வேலை செய்த ஒரே ஓர் ஆற்றைக் காட்டுங்கள்.

அக்டோபர் 4, இரவு

செனகல் ஆறு.

மேற்கு ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியைப் பெரும் வறட்சி வாட்டிக்கொண்டிருந்த 1972இல் மாலி, மொரிட்டானியா, செனகல் மூன்றும் ஓர் ஆற்று அமைப்பைத் தொடங்கின. 1978இல் அவை செய்துகொண்ட உடன்பாடு எனக்கு இன்றுவரை வியப்பு. ஆற்றின் முக்கியமான அணைகள் எந்த நாட்டு மண்ணில் நின்றாலும் மூன்று நாட்டுக்கும் பொதுச் சொத்து என்று எழுதிக்கொண்டார்கள். மனந்தாலி அணை முழுக்க மாலிக்குள் இருக்கிறது. ஆனால் அது மாலிக்கு மட்டும் சொந்தமில்லை. கடன் பொது, பராமரிப்பு பொது. மின்சாரத்தில் மாலிக்கு 52, செனகலுக்கு 33, மொரிட்டானியாவுக்கு 15 விழுக்காடு. மதகு தலைமடை நாட்டில்தான், ஆனால் அதைத் தன்னிச்சையாகத் திறக்கவும் மூடவும் மாலியால் முடியாது.

1989இல் செனகலுக்கும் மொரிட்டானியாவுக்கும் எல்லையில் மோதல் வெடித்தது. உயிர்கள் போயின, ஏராளமானோர் விரட்டப்பட்டார்கள், தூதரக உறவு முறிந்தது. ஆற்று அமைப்பு மட்டும் மூடப்படவில்லை. 2006இல் கினியும் அதில் வந்து சேர்ந்தது.

குறையையும் சொல்லியாக வேண்டும். ஆண்டுதோறும் வரும் வெள்ளம் வடிந்த பிறகு அந்த ஈரத்தில் பயிர் செய்து பிழைத்த கரையோர மக்கள், அணை வந்தபின் அந்த வெள்ளத்தை இழந்தார்கள். கழிமுகத்துக்கு அருகே தியாமா தடுப்பணை கடல்நீரைத் தடுத்ததும் நன்னீர் நத்தைகள் பெருகி, அவற்றால் பரவும் பில்ஹார்சியா நோய் கடுமையானது. நாடுகள் ஒன்றையொன்று கலந்து பேசின. கரையில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. இது எனக்கு மனசு ஆறாத விஷயம்.

அக்டோபர் 5

ஓர் ஆறு விதிவிலக்காக இருக்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான்.

153 நாடுகள் ஆற்றையோ ஏரியையோ நிலத்தடி நீரையோ அண்டை நாட்டோடு பகிர்ந்துகொள்கின்றன. எல்லை தாண்டும் ஆற்றுப் படுகைகள் மட்டும் 300க்கு மேல். இத்தனை இருந்தும், தண்ணீருக்காகவே நடந்த போர் என்று ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் காட்டுவது சுமேரியாவின் லகாஷ், உம்மா என்ற இரண்டு நகர அரசுகளைத்தான். அது சுமார் 4,500 ஆண்டுக்கு முந்தைய சண்டை. அதற்காக எங்கும் சுமுகம் என்று நான் சொல்ல வரவில்லை. போர் வராமல் இருப்பது வேறு, ஆற்றைச் சேர்ந்து பார்த்துக்கொள்வது வேறு.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடிவாதமான ஒரு கருத்து உண்டு. தண்ணீரைப் பங்கிடும் முன் நாடுகள் அளவைப் பங்கிட வேண்டும். ஆற்றில் எவ்வளவு வருகிறது என்பதில் இரு தரப்பும் ஒரே எண்ணை நம்பாதவரை மற்ற பேச்செல்லாம் வீண். இது புத்தகத்தில் படித்து வந்த கருத்து இல்லை. ஆற்றுநீர் அளக்கும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தேன்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அளப்பது எளிதாகத் தெரியும். பாலத் தூணில் சென்டிமீட்டர் குறித்த பலகை இருக்கும், அதைப் பார்த்து நீர்மட்டத்தை எழுதுவோம். ஆனால் மட்டம் தெரிந்தால் ஓட்டம் தெரிந்துவிடாது. விநாடிக்கு எத்தனை கன அடி போகிறது என்று அறிய, ஆற்றின் குறுக்கே கம்பி கட்டி, படகில் போய், அகலத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஆழம் பார்த்து, சுழலும் நீரோட்டமானியை இறக்க வேண்டும். ஆழம் குறைவென்றால் மேலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் ஒரு முறை. ஆழம் அதிகமென்றால் பத்தில் இரண்டிலும் பத்தில் எட்டிலும் வைத்து, இரண்டுக்கும் சராசரி. வேகத்தைப் பரப்பால் பெருக்கி எல்லாத் துண்டுகளையும் கூட்டினால் ஓட்டம் கிடைக்கும். மட்டம் ஏறும்போதும் இறங்கும்போதும் இப்படி அளந்து அளந்து, இந்த மட்டத்துக்கு இவ்வளவு ஓட்டம் என்று ஒரு வளைகோடு வரைந்துகொள்வோம். அப்புறம் தினமும் பலகையைப் பார்த்தாலே போதும்.

ஆனால் ஒரு பெரிய வெள்ளம் வரும்வரைதான் போதும். வெள்ளம் படுகையை அரித்துவிட்டுப் போனால் அதே மட்டத்தில் முன்பைவிட அதிக நீர் போகும். மணல் மேடிட்டால் குறைவாகப் போகும். எங்கள் நிலையத்துக்குக் கீழே இன்னொரு நிர்வாகத்தின் நிலையம் இருந்தது. இடையில் ஒரு கால்வாய்கூடப் பிரியவில்லை. ஆனாலும் நாங்கள் போனதாக எழுதிய அளவுக்கும் அவர்கள் வந்ததாக எழுதிய அளவுக்கும் பெரிய இடைவெளி. இரு பக்கமும் அடுத்தவர் கள்ளக்கணக்கு எழுதுகிறார் என்றே பேச்சு. பிறகு இரு தரப்பு ஆட்களும் ஒரே படகில் ஏறி, ஒரே மானியை இறக்கி அளந்தார்கள். முதலில் எங்கள் இடத்தில், அப்புறம் அவர்கள் இடத்தில். அவர்கள் பக்கம் படுகை அரித்துப் போயிருந்தது, வளைகோடு பழையதாகவே இருந்தது. ஒருவரும் பொய் சொல்லவில்லை. இரண்டு தரப்பும் உண்மையைச் சொல்லியே அவ்வளவு பகை வளர்ந்திருந்தது.

இரண்டு நாடுகளுக்கு நடுவில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 1996இல் இந்தியாவும் வங்கதேசமும் செய்துகொண்ட கங்கை ஒப்பந்தத்தில் இந்தியாவின் ஃபராக்கா தடுப்பணையிலும் வங்கதேசத்தின் ஹார்டிஞ்ச் பாலத்திலும் கூட்டுக் குழு தினசரி அளவெடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் நான் மிகவும் மதிக்கிற பகுதி அது.

அக்டோபர் 6

பத்தில் ஆறு பங்கு ஆழம் ஏன் என்று ஒருவர் கேட்டிருந்தார். தரையை ஒட்டி உராய்வால் ஓட்டம் மெதுவாக இருக்கும், மேலே வேகமாக இருக்கும். அந்த ஆழத்தில் கிடைக்கும் வேகம் மொத்தச் சராசரிக்கு மிக அருகில் வரும்.

அக்டோபர் 9

அளவைப் பங்கிடுவது என்றால் எவ்வளவு, எப்போது என்பதும் முக்கியம். மீகாங்கைப் பாருங்கள். 1995 ஒப்பந்தத்தில் லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் நான்கும் இருக்கின்றன. தலைமடையில் இருக்கும் சீனாவும் மியான்மரும் உறுப்பினர்கள் இல்லை, பேச்சுவார்த்தைப் பங்காளிகள் மட்டுமே. சீனா 2002 முதல் மழைக்கால அளவுகளைக் கொடுத்தது. ஆண்டு முழுவதுக்குமான அளவுகளுக்கு 2020இல்தான் ஒப்புக்கொண்டது. வறண்ட மாதங்களின் எண்ணுக்காகக் கீழ்நாடுகள் காத்திருந்த காலம் அவ்வளவு. இப்போதும் கிடைப்பது இரண்டு நிலையங்களின் நீர்மட்டமும் மழையளவும்.

கம்போடியாவின் டோன்லே சாப் ஏரிக்கு இது வாழ்வா சாவா என்கிற விஷயம். மழைக்காலத்தில் மீகாங் பெருகும்போது ஏரியிலிருந்து வரும் ஆறு திசைமாறி ஏரிக்குள்ளேயே திரும்பி ஓடும். ஏரி பல மடங்கு விரியும், மீன் பெருகும். வெள்ளம் எப்போது தொடங்கும், எவ்வளவு உயரும் என்பதை வைத்துத்தான் அங்கே மீனவர்களின் ஆண்டே நடக்கிறது. எங்கோ மேலே ஓர் அணையில் எவ்வளவு தேக்கினார்கள் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டிய தகவல். ராணுவ ரகசியம்போல அதைப் பூட்டி வைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அக்டோபர் 12

"சிந்துவில் அறுபது ஆண்டுக்கு மேல் அளவைப் பகிர்ந்தார்கள், கடைசியில் என்ன ஆயிற்று?" என்று கேள்வி கேட்டவரே மறுபடி எழுதியிருக்கிறார். கடினமான கேள்வி. இரண்டு மூன்று நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

1960 செப்டம்பர் 19இல் கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்டார்கள், உலக வங்கியும் ஒப்பமிட்டது. ரவி, பியாஸ், சட்லஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு. பாகிஸ்தான் மாற்றுக் கால்வாய்கள் வெட்டிக்கொள்ள இந்தியா 6 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கு மேல் தவணையில் கொடுத்தது. அண்ணன் தம்பி சண்டை தீராமல் வீட்டைப் பாகம் பிரித்த மாதிரியான ஒப்பந்தம் இது. ஆற்றைச் சேர்ந்து நிர்வகிக்கும் எண்ணம் அதில் குறைவு. ஆனாலும் ஒவ்வொரு நாளின் ஓட்டத்தையும் மாதாமாதம் பரிமாறிக்கொள்ள வேண்டும், இரு நாட்டு ஆணையர்களும் ஆண்டுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். 1965, 1971, 1999 போர்களைத் தாண்டி அது நின்றது. செனாப்பில் இந்தியா கட்டிய பக்லிஹார் அணை பற்றிய தகராறு நடுநிலை வல்லுநரிடம் போனது. 2007இல் அவர் அணையை அனுமதித்து, வடிவமைப்பில் சிலவற்றை மாற்றச் சொன்னார். இரு நாடும் ஏற்றுக்கொண்டன.

இந்த ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு நிறுத்திவைப்பு வந்தது. உடனே ஆறு நின்றுவிட்டதா? நிற்கவில்லை, நிறுத்தவும் முடியாது. செனாப், ஜீலம் அளவுக்கு நீரைத் தேக்க அங்கே கொள்ளளவே கிடையாது. நின்றுபோனது அளவும் கூட்டமும். ஆகஸ்டில் தாவி ஆற்றில் வெள்ளம் வந்தபோது இந்தியா பாகிஸ்தானுக்கு முன்னெச்சரிக்கை கொடுத்தது. வழக்கமான ஆணையத்தின் வழியாகச் செல்லாமல் தூதரகத்தின் வழியாக அது போனது. எனக்கு இதில் வருத்தமும் நம்பிக்கையும் சேர்ந்தே வருகின்றன. வெள்ளத் தகவலுக்குத் தூதரகத்தைச் சுற்றிவரும் ஒவ்வொரு மணி நேரமும் கரையில் இருப்பவர்களுக்கு நட்டம். அதே சமயம், எல்லாம் நின்ற பிறகும் அந்த ஓர் எச்சரிக்கை போயிருக்கிறது.

இன்னொரு உதாரணம் சொல்கிறேன். இஸ்ரேலும் ஜோர்டானும் 1994 வரை அதிகாரபூர்வமாகப் போர் நிலையில் இருந்தவை. ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே இரு நாட்டு நீர் அதிகாரிகளும் யார்முக் ஆற்றங்கரையில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிவந்தார்கள். எந்தப் பக்கம் மணல் மூட்டையை நகர்த்தினால் யாருக்கு எவ்வளவு போகும் என்ற அளவிலான பேச்சு. அமைதி ஒப்பந்தம் எழுதும் நாள் வந்தபோது நீர்ப் பகுதியை எழுதத் தெரிந்த ஆட்கள் இரு பக்கமும் தயாராக இருந்தார்கள்.

அக்டோபர் 19

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். ஒப்பந்தங்கள் ஏன் உடைகின்றன என்பதில் எனக்கு நெடுநாளாக உறுத்தும் விஷயம், நிலையான எண்.

நைலில் எகிப்தும் சூடானும் 1959இல் ஆண்டுக்கு 5,550 கோடி கன மீட்டர் எனக்கு, 1,850 கோடி உனக்கு என்று பிரித்துக்கொண்டன. ஆவியாகப் போவதற்கு 1,000 கோடி ஒதுக்கினார்கள். எகிப்தின் அஸ்வான் அணைக்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதியைத் தரும் எத்தியோப்பியாவுக்கு ஒரு சொட்டும் எழுதவில்லை. அழைக்கவே இல்லை. இன்றைய அணைத் தகராற்றின் வேர் அந்தக் காகிதத்தில் இருக்கிறது. கேள்வி கேட்டவர் எத்தியோப்பியாவைத் தன்னிச்சையானது என்கிறார். 1959 காகிதமும் தன்னிச்சைதானே? மேல்நாடுகள் சேர்ந்து 2010இல் எழுதிய புதிய உடன்பாடு போன ஆண்டு அக்டோபரில் நடப்புக்கு வந்துவிட்டது. எகிப்தும் சூடானும் அதில் இல்லை. யாராவது ஒருவர் எப்போதும் வெளியே நிற்கும் ஆறாகவே நைல் இருக்கிறது.

கொலராடோவில் வேறு கதை. 1922இல் அமெரிக்க மாநிலங்கள் ஆற்றைப் பங்கிட்டபோது கையில் இருந்த அளவுகள் வழக்கத்துக்கு மாறான ஈரமான ஆண்டுகளின் அளவுகள். ஆறு நிஜத்தில் தருவதைவிட அதிகமாகக் காகிதத்தில் பங்கிட்டார்கள். அதன்மேல் 1944இல் மெக்சிகோவுக்கு ஆண்டுக்கு 15 லட்சம் ஏக்கர் அடி என்று ஒப்பந்தம். அளவு எழுதினார்கள், தரம் எழுதவில்லை. 1961இல் அரிசோனாவின் வயல்களிலிருந்து உப்பு வடிகால் நீரை ஆற்றில் விட்டபோது, கணக்குப்படி தண்ணீர் சரியாகவே போனது. மெக்சிகாலி பள்ளத்தாக்கில் பயிர் கருகியது. ஒப்பந்தத்தின் ஓர் எழுத்தையும் மீறாமல் இவ்வளவு அநியாயம் செய்ய முடிந்திருக்கிறது.

இங்கேதான் அந்த ஒப்பந்தத்தில் இருக்கும் நல்ல ஏற்பாடு தெரிகிறது. இரு நாட்டு எல்லை நீர் ஆணையமும் கூடி, "தீர்மானக் குறிப்பு" என்று ஒன்றை எழுதினால், இரண்டு அரசுகளும் ஒப்பினால் போதும், அது கட்டுப்படுத்தும். மூல ஒப்பந்தத்தைத் தொட வேண்டாம். 1973இல் 242ஆம் குறிப்பு உப்பின் அளவுக்கு வரம்பு போட்டது. உப்பு வடிகாலை ஆற்றில் விடாமல் தனிக் கால்வாயில் கொண்டுபோய் மெக்சிகோவின் சமவெளியில் விட்டார்கள். அங்கே யாரும் திட்டமிடாமலே சாந்தா கிளாரா என்ற பெரிய சதுப்புநிலம் உருவாகிவிட்டது, பறவைகள் வந்து தங்கிவிட்டன. இப்போது அதைக் காப்பாற்றுவதும் பேச்சுவார்த்தையில் ஒரு பொருள்.

2012இன் 319ஆம் குறிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. 2014 மார்ச்சில் மொரெலோஸ் அணையின் மதகைத் திறந்து, ஆற்றுக்காகவே தண்ணீர் விட்டார்கள். யாருடைய வயலுக்கும் போகாத தண்ணீர் அது. பல ஆண்டு மணலாகக் கிடந்த படுகையில் நீர் நகர்ந்தபோது ஊர் மக்கள் குழந்தைகளோடு இறங்கி நின்றார்கள். மே மாதம் அது கடலைத் தொட்டது. 2017இன் 323ஆம் குறிப்பின்படி, கொலராடோவின் பெரிய நீர்த்தேக்கமான மீட் ஏரி ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் மெக்சிகோவும் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். 2022 முதல் அப்படிக் குறைத்தும் வருகிறது. 1944இல் எழுதிய எண்ணை இரண்டு நாடும் சண்டையில்லாமல் அசைத்திருக்கின்றன. எனக்கு இது பெரிய விஷயம்.

அதே ஒப்பந்தத்தின் மறுபக்கமான ரியோ கிராண்டேயில் நிலைமை நன்றாக இல்லை. அங்கே மெக்சிகோ தர வேண்டும். ஐந்து ஆண்டுக் கணக்காக, ஆண்டுச் சராசரி 3,50,000 ஏக்கர் அடி. இந்த மாதம் முடியும் சுற்றில் பெரிய பாக்கி நிற்கிறது. ஐந்து ஆண்டு அவகாசம் என்றதும் முதல் நான்கு ஆண்டு தள்ளிப்போடும் பழக்கம் வந்துவிடுகிறது. ஆக, நல்ல ஏற்பாடு ஒன்று இருந்தால் மட்டும் போதாது. கெடு எப்படி வைக்கிறோம் என்பதும் சேர்ந்துதான்.

அக்டோபர் 20

ஏக்கர் அடி புரியவில்லை, டிஎம்சியில் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மெக்சிகோவுக்கு வர வேண்டிய 15 லட்சம் ஏக்கர் அடி சுமார் 65 டிஎம்சி. மெக்சிகோ தர வேண்டிய 3,50,000 ஏக்கர் அடி 15 டிஎம்சிக்குக் கொஞ்சம் மேல். நைலில் எகிப்தின் 5,550 கோடி கன மீட்டர் 1,960 டிஎம்சி. எத்தியோப்பிய அணையின் கொள்ளளவு 7,400 கோடி கன மீட்டர், அதாவது 2,600 டிஎம்சிக்கு மேல். எகிப்தின் ஓராண்டுப் பங்கைவிட அந்த ஓர் அணை பெரிது. எகிப்தின் பயம் எங்கிருந்து வருகிறது என்று இந்த இரண்டு எண்ணைப் பக்கத்தில் வைத்தால் தெரியும்.

நவம்பர் 2

கெடுத்தவன்தான் செலவைத் தர வேண்டும், இதில் பேச்சே கூடாது என்று ஒருவர் உறுதியாக எழுதியிருந்தார். அறம் அதுதான். ஆனால் ரைன் ஆற்றில் நடந்ததைக் கேளுங்கள்.

பிரான்சின் அல்சாஸ் பகுதிப் பொட்டாஷ் சுரங்கங்கள் உப்புக் கழிவை ரைனில் கொட்டின. கடைமடையில் இருப்பது நெதர்லாந்து. ரோட்டர்டாம் அருகே செடி வளர்க்கும் ஒரு தோட்ட நிறுவனம் பாசன நீர் உப்பாகிவிட்டது என்று சுரங்கத்தின்மேல் வழக்குப் போட்டது. நட்டம் நடந்த நாட்டிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்று 1976இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டில், உப்பைக் குறைக்கும் செலவில் பிரான்ஸ் 30, ஜெர்மனி 30, நெதர்லாந்து 34, சுவிட்சர்லாந்து 6 விழுக்காடு. கெடுதலை அனுபவித்த நாடு எல்லோரையும்விட அதிகம் கொடுத்திருக்கிறது!

முதலில் படித்தபோது கோபம் வந்தது. இப்போது அவ்வளவு உறுதியாகக் கோபப்பட முடியவில்லை. உப்பு நிற்காமல் வந்துகொண்டிருக்க, கொள்கைக்காக இன்னும் இருபது ஆண்டு வாதாடுவதா, காசைக் கொடுத்து ஆற்றைக் காப்பாற்றுவதா? இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவும் எளிதில் நடக்கவில்லை. உப்பை நிலத்துக்கடியில் செலுத்த அல்சாஸ் மக்கள் எதிர்த்தார்கள், உடன்பாடு நடப்புக்கு வரவே 1985 ஆயிற்று.

அடுத்த ஆண்டே பேரிடி. 1986 நவம்பர் 1, சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே சாண்டோஸ் என்ற ரசாயன நிறுவனத்தின் கிடங்கில் தீ. தீயணைக்கப் பாய்ச்சிய நீர் பூச்சிமருந்துகளைச் சுமந்துகொண்டு ஆற்றில் கலந்தது. ஆறு சிவந்தது, விலாங்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன, கீழ்நாடுகளுக்குத் தகவல் தாமதமாகவே போனது. அந்த அதிர்ச்சியில் 1987இல் ஒரு செயல்திட்டம் போட்டார்கள். இலக்கை எல்லோருக்கும் புரியும்படி வைத்தார்கள்: 2000க்குள் சால்மன் மீன் திரும்ப வேண்டும். துணையாறுகளில் அது மீண்டும் முட்டையிடத் தொடங்கியது. அதோடு, ஆறு நெடுக எச்சரிக்கை மையங்களும் வலுப்பட்டன. ஓரிடத்தில் கசிந்தால் கீழே இருப்பவருக்கு உடனே சேதி போகும்.

நவம்பர் 5

காசு பேச்சு வந்ததால் இன்னும் இரண்டு ஆறுகள்.

1948இல் கொலம்பியா ஆற்றில் வெள்ளம் வந்து அமெரிக்காவில் வான்போர்ட் என்ற ஊரே அழிந்தது. 1961 ஒப்பந்தப்படி தலைமடை நாடான கனடா மூன்று அணைகள் கட்டி வெள்ளத்தைத் தேக்கிக் கொடுத்தது. அதற்கு 60 ஆண்டுக்கான விலையாக அமெரிக்கா 6 கோடியே 44 லட்சம் டாலர் தந்தது. அதோடு, அந்தத் தேக்கத்தால் கீழே கூடுதலாகக் கிடைக்கும் மின்சாரத்தில் பாதி கனடாவுக்கு. தலைமடை நாடு தண்ணீரைத் தேக்குவதே கீழ்நாட்டுக்கு நன்மையாகிவிட்டது. கேள்வி கேட்டவர் சொன்ன மதகுப் பயம் இங்கே தலைகீழாக இருக்கிறது. ஆனால் நீருக்கடியில் போன பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த கனடியர்களையும் பூர்வகுடிகளையும் கேட்காமலே செய்தார்கள். செனகலில் சொன்ன அதே குறை.

மத்திய ஆசியாவின் சிர் தாரியா ஆற்றில் இது நடக்கவில்லை. சோவியத் காலத்தில் மேலே இருந்த கிர்கிஸ்தான் டோக்டோகுல் அணையிலிருந்து கோடையில் நீர் விடும், கீழே பருத்தி விளையும், பதிலுக்குக் குளிர்காலத்துக்கு நிலக்கரியும் எரிவாயுவும் வரும். நாடுகள் பிரிந்தபின் 1998இல் அதே பண்டமாற்றை ஒப்பந்தமாக எழுதினார்கள். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் கீழ்நாடுகளுக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை, எரிபொருளும் ஒழுங்காக வரவில்லை. குளிரில் கிர்கிஸ்தான் மின்சாரத்துக்காக அணையைத் திறந்தது. கோடையில் வயலுக்குத் தண்ணீர் இல்லை, குளிர்காலத்தில் கீழே வெள்ளம். தேக்கிவைப்பது ஒரு சேவை, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அதற்கு விலை உண்டு என்று கொலம்பியாவில் எழுதினார்கள். இங்கே தண்ணீர் வேண்டிய ஆண்டுக்கு மட்டும்தான் விலை இருந்தது.

நவம்பர் 16

ஒரு வாசகர் என்னை மடக்கியிருக்கிறார்: "அளவு அளவு என்கிறீர்களே, நிலத்தடி நீருக்கு எந்தப் பாலத்தூணில் பலகை மாட்டுவீர்கள்?"

இரண்டு வாரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு எல்லையைத் தாண்டுவது கண்ணுக்குத் தெரியும். நிலத்தடி நீர் தாண்டுவது தெரியாது. என் கிணற்றில் நான் இறைக்கிறேன் என்று எந்த நாடும் சொல்லிக்கொள்ளலாம். 2008இல் ஐ.நா. சட்ட ஆணையம் இதற்காக 19 வரைவு விதிகளை எழுதியது. இன்றுவரை அவை உடன்படிக்கையாக மாறவில்லை.

ஆனால் அளக்கவே முடியாது என்பதில்லை. பிரான்சும் ஜெனீவாவும் பகிரும் நீர்ப்படுகையில் 1960களிலும் 70களிலும் மட்டம் ஏழு மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. ஜெனீவா மாநிலம் ஆர்வ் ஆற்று நீரைச் சுத்தப்படுத்தி நிலத்துக்குள் இறக்கியது. 1978 உடன்பாட்டின்படி பிரான்ஸ் பக்கம் ஆண்டுக்கு 50 லட்சம் கன மீட்டர் வரை எடுக்கலாம், அதில் முதல் 20 லட்சம் இலவசம், மேலே எடுப்பதற்குச் செலவில் பங்கு. எடுக்கும் கிணறுகளில் மீட்டர் உண்டு. அந்த மீட்டர்தான் நீங்கள் கேட்ட பலகை. கவனியுங்கள், இதில் கையெழுத்திட்டவர்கள் தலைநகர்க்காரர்கள் இல்லை. அந்தந்த வட்டார நிர்வாகங்கள்.

தென் அமெரிக்காவில் குவாரனி நீர்ப்படுகைக்காக நான்கு நாடுகள் 2010இல் கையெழுத்திட்டன, நடப்புக்கு வர 2020 ஆயிற்று. நெருக்கடி வரும் முன்பே எழுதிய ஒப்பந்தம் என்பதால் அதைப் பாராட்டுவேன்.

அப்புறம் விண்ணிலிருந்து அளக்கும் வழி. 2002இல் ஏவிய கிரேஸ் செயற்கைக்கோள்கள் இரண்டு, 2017 வரை சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கீழே நிலத்தில் நீரின் எடை கூடினாலோ குறைந்தாலோ அவற்றுக்கு இடையிலான தூரம் மயிரிழையிலும் குறைவாக மாறும். அதை வைத்து எங்கே நிலத்தடி நீர் வற்றுகிறது என்று கணக்கிடுகிறார்கள். 2018இல் அடுத்த ஜோடியும் விண்ணுக்குப் போயிற்று. எந்த நாட்டின் அனுமதியும் இதற்கு வேண்டாம். ஆனால் அது பெரும் பரப்புக்கான கணக்கு, எந்தக் கிணறு காரணம் என்று காட்டாது. மூடி மறைப்பவர்களைப் பேச வைக்க உதவும். பங்கிட மீட்டர்தான் வேண்டும்.

நவம்பர் 17

ஐ.நா. பற்றி ஏன் எழுதவில்லை என்கிறீர்கள். சுருக்கமாக. 1997 ஆற்றுநீர் உடன்படிக்கைக்கு 103 நாடுகள் ஆதரவு. துருக்கி, சீனா, புருண்டி எதிர்ப்பு. 27 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின, இந்தியாவும் பாகிஸ்தானும் எகிப்தும் எத்தியோப்பியாவும் அதில் உண்டு. 35 நாடுகள் ஏற்று நடப்புக்கு வர 2014 ஆயிற்று. அதில் நான் மதிக்கும் விதி ஒன்று: அடுத்த நாட்டைப் பாதிக்கக்கூடிய திட்டம் என்றால் முன்கூட்டியே விவரம் கொடு, பதில் சொல்ல ஆறு மாதம் கொடு. ஐரோப்பாவுக்காக 1992இல் எழுதிய ஹெல்சிங்கி உடன்படிக்கை இப்போது எல்லா நாட்டுக்கும் திறந்திருக்கிறது. 2018இல் சாடும் செனகலும் சேர்ந்தன, இந்த ஜூனில் வங்கதேசமும் சேர்ந்தது. தெற்காசியாவில் முதல் நாடு.

மாநாடுகளைப் பற்றி எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. 1977இல் மார் தெல் பிளாட்டாவில் ஒரு ஐ.நா. நீர் மாநாடு, அடுத்தது 2023இல் நியூயார்க்கில். நடுவில் 46 ஆண்டு. ஆறுகள் அதற்காகக் காத்திருக்கவில்லை.

டிசம்பர் 7

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "சரி, நீங்கள் எந்த ஒப்பந்தத்தையாவது எழுதும் இடத்தில் இருந்தால் என்ன எழுதுவீர்கள்?" என்று கேட்கிறார். கற்பனை வேண்டாம், கைமேல் ஒன்று இருக்கிறது. கங்கை ஒப்பந்தம் 1996 டிசம்பர் 12இல் முப்பது ஆண்டுக்குக் கையெழுத்தானது. அடுத்த டிசம்பரில் காலம் முடிகிறது.

அதன் கணக்கு இப்படி. ஜனவரி 1 முதல் மே 31 வரை, பத்துப் பத்து நாளாகப் பிரித்து, ஃபராக்காவில் விநாடிக்கு 70,000 கன அடி வரை வந்தால் ஆளுக்குப் பாதி. 70,000க்கு மேல் 75,000 வரை என்றால் வங்கதேசத்துக்கு 35,000, மிச்சம் இந்தியாவுக்கு. அதற்கும் மேலே என்றால் இந்தியாவுக்கு 40,000, மிச்சம் வங்கதேசத்துக்கு. மிகவும் வறளும் மார்ச் 11 முதல் மே 10 வரை, ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் பத்து நாள்களில் ஒவ்வொரு நாட்டுக்கும் 35,000 உறுதி. அதாவது 55,000 வந்தால் இந்தப் பத்து நாள் ஒருவருக்கு 35,000, மற்றவருக்கு 20,000. அடுத்த பத்து நாள் மாறும். 50,000க்குக் கீழே போனால் உடனே கூடிப் பேச வேண்டும்.

விகிதமும் முறை மாற்றுவதும் எனக்குப் பிடித்திருக்கிறது. நைலின் நிலையான எண்ணைவிட எவ்வளவோ மேல். ஆனால் இந்தக் கணக்கின் அடியில் இருப்பது 1949 முதல் 1988 வரையிலான சராசரி ஓட்டம். அதற்குப் பிறகு மேலே பாசனம் பெருகியிருக்கிறது, நிலத்தடி நீர் இறைப்பதும் பெருகியிருக்கிறது. வறண்ட மாதங்களில் ஆற்றை ஓட வைப்பது பெரும்பாலும் நிலத்தடியிலிருந்து ஊறி வரும் நீர். எனவே நான் முதலில் கேட்பது, 1988க்குப் பிந்தைய அளவுகளை வைத்துப் புதிய சராசரி. இரண்டாவது, ஃபராக்காவுக்கு மேலே என்ன எடுக்கப்படுகிறது என்ற கணக்கும் கூட்டுக் குழுவுக்கு வர வேண்டும். ஃபராக்காவில் மட்டும் அளந்தால், அங்கே வந்து சேராத தண்ணீரைப் பற்றி யாரும் பேச முடியாது. மூன்றாவது, மெக்சிகோ எல்லையில் இருப்பதுபோல முழு ஒப்பந்தத்தைத் திறக்காமலே திருத்தும் தீர்மானக் குறிப்பு. நான்காவது, தினசரி அளவுகளை அன்றன்றே பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுவது. செனகலிலும் கொலம்பியாவிலும் கரையோர மக்களைக் கேட்காமல் செய்ததன் வலி எனக்குத் தெரிந்தவரை இன்னும் ஆறவில்லை. எண் கையில் இருந்தால் அவர்களாவது கேள்வி கேட்பார்கள்.

டிசம்பர் 8

நேற்று எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். பேச்சு இழுத்துக்கொண்டே போய் அடுத்த டிசம்பர் 12க்குள் புதிய ஒப்பந்தம் வராமல் போனாலும், அளவெடுப்பதை மட்டும் நிறுத்தக் கூடாது என்று இப்போதே தனியாக ஒரு பக்க உடன்பாடு எழுதிக்கொள்ளலாம். அரசியல் பேச்சு தீராததற்காக நீரோட்டமானியைப் பெட்டியில் பூட்ட வேண்டியதில்லை. 2027 ஜனவரி 1 காலையில் ஃபராக்காவிலும் ஹார்டிஞ்ச் பாலத்திலும் இரு நாட்டு ஆட்களும் படகில் இருக்க வேண்டும். அதற்கான உத்தரவை யார் பிறப்பிக்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.